சுனாபட்டி எருக்கு

மே மாதத்துப் பிற்பகலில் மும்பையின் ஹார்பர் லைன் ரயில் குரு தேக் பகதூர் நகரைத் தாண்டிக் குர்லா பக்கம் திரும்பும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குப் பச்சையாகப் படுவது அநேகமாக ஒரே ஒரு செடிதான். தண்டவாளத்துக்கும் சுவருக்கும் நடுவில், கருங்கல் ஜல்லியும் இடிந்த செங்கல்லும் குவிந்த இடத்தில், சாம்பல் பூசினாற்போன்ற தடித்த இலைகளோடு ஆள் உயரத்துக்கு நிற்கும் எருக்கு. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் விட்டதில்லை. அந்த வெயிலிலும் கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும்.

அடுத்த நிலையம் சுனாபட்டி. சூனா என்றால் சுண்ணாம்பு. ஊர்ப் பெயரைத் தமிழில் சொன்னால் சுண்ணாம்புக் காளவாய். சூளைகள் போய், பிறகு ஆலைகள் வந்தன. 1886-ல் ஜாம்ஷெட்ஜி டாடா ஒரு நலிந்த ஆலையை வாங்கி ‘சுதேசி மில்’ என்று பெயர் மாற்றியது இந்தப் பகுதியில்தான். அதுவும் மூடப்பட்டு வருடங்கள் ஆகிவிட்டன. ஒன்று எரிந்து முடிந்து, இன்னொன்று ஓடி முடிந்து, எவரும் கவனிக்காமல் விட்ட மண் எருக்குக்கு மிகவும் பிடித்த மண்.

இந்தச் செடியிடம் இரண்டு விதமான பக்தர்கள் வருகிறார்கள். சனிக்கிழமை காலையில் மராத்தி வீட்டுப் பெண் வந்து இலையைப் பறிப்பாள். மராத்தியில் இதற்கு ‘ருயி’ என்று பெயர். ருயி இலைகளைக் கோத்த மாலை மாருதிக்கு, அதாவது அனுமாருக்கு. சிலர் ஒவ்வோர் இலையிலும் ராம நாமம் எழுதிக் கோப்பார்கள். விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள் தமிழ் வீட்டுப் பெண் வந்து பூவைப் பறிப்பாள். எருக்கம்பூ மாலை பிள்ளையாருக்கு. தமிழ்நாட்டு அனுமாருக்கு வடை மாலையும் வெற்றிலை மாலையும் போட்டுப் பழகியவளுக்கு அவர் எருக்கிலை சூடியிருப்பது விநோதம். தன் கணபதிக்குச் செம்பருத்தியும் அருகம்புல்லும் தேடுகிறவளுக்கு எருக்கம்பூ மாலை விநோதம். ஒரே செடியில் ஒருத்தி இலையை எடுக்க, இன்னொருத்தி பூவை எடுக்கிறாள். இரண்டு சாமிகளும் மறுப்பதில்லை.

ஏன் மறுப்பதில்லை என்பதுதான் இங்கே கேள்வி. மல்லிகையும் முல்லையும் பிச்சியும் விளைகிற நாட்டில், மாடு வாய் வைக்காத, முகர்ந்தால் மணமில்லாத, கிள்ளினால் நஞ்சு வடிகிற ஒரு செடி எப்படித் தெய்வத்தின் கழுத்துக்குப் போய்ச் சேர்ந்தது?

செடியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். மும்பையை மழை ஊர் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டுவதும் உண்மை. ஆனால் மிச்சமுள்ள எட்டு மாதங்களில் மழை என்பது பெயருக்குத்தான். மார்ச் வந்தால் சயான் கோட்டைக் குன்றும் டிராம்பே மலைச் சரிவும் புல் காய்ந்து பழுப்பாகிவிடும். கீழே இருப்பது எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல். மண் ஒரு மெல்லிய போர்வை மட்டுமே. அந்த எட்டு மாதத்தைத் தாண்டுகிற வித்தை எருக்கிடம் இருக்கிறது. இலை மேல் மெழுகு, மெழுகின் மேல் வெண்ணிறத் துகள் போன்ற மென்மயிர். இரண்டும் சேர்ந்து வெயிலைத் திருப்பி அனுப்பி, உள்ளே இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைக்கின்றன. ஆணிவேர் கல்லிடுக்கில் வழி தேடி ஆழத்துக்கு இறங்கிவிடும்.

உடம்பு முழுவதும் பால். அதில் இதயத்தை நிறுத்தக்கூடிய வேதிப்பொருள்கள் இருக்கின்றன. இலையை ஆடுமாடு தொடாமல் போவதற்குக் காரணம் அதுதான். எல்லோரும் தொடாமல் இருக்கிறார்கள் என்றும் இல்லை. வெந்தய வரியன் என்னும் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி இந்த இலையில் முட்டையிடுகிறது. புழு இலையைத் தின்று, நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது; பிறகு பறவைகள் அந்தப் பூச்சியைக் கண்டு ஒதுங்குகின்றன. மஞ்சளும் நீலப்பச்சையுமாக வரிபோட்ட வெட்டுக்கிளி ஒன்று எருக்கிலேயே குடியிருந்து எருக்கையே தின்று வளர்கிறது. பூவின் நடுவில் கிரீடம் வைத்ததுபோல் ஐந்து மடிப்பு எழுந்து நிற்கும். அதன் அடியில் தேன். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு வந்து உட்கார்ந்து தேனைக் குடிக்கும்போது, பூ தன் மகரந்தத்தைத் தூளாகக் கொட்டாமல், இரட்டைப் பொட்டலமாகக் கட்டி அதன் காலில் மாட்டி அனுப்புகிறது. அடுத்த பூவில் அந்தப் பொட்டலம் போய்ச் சேர வேண்டும்.

சாமிக்கு வருமுன் இந்தப் பூ மனிதன் தலையில் வந்தது, அவமானமாக. சங்ககாலத்தில் காதலித்த பெண் கிடைக்காத ஆண் பனைமடலில் குதிரை செய்து, அதன் மேல் ஏறி ஊர்த் தெருவில் வருவான். மடலேறுதல் என்று பெயர். அப்போது அவன் சூடிக்கொள்வது எருக்கம் மாலை. குறுந்தொகையின் 17-ஆம் பாட்டில் பேரெயின் முறுவலார் இதைச் சொல்கிறார். நாணத்தை விட்டுவிட்டேன், இனி எனக்கு மானம் இல்லை என்று ஊருக்குத் தெரிவிக்கும் அடையாளம் அந்தப் பூ. நல்ல நிலையில் இருக்கிறவன் எவனும் சூடமாட்டான்.

அதே காலத்துக் கபிலர் அதே பூவைத் தெய்வத்தின் முன் கொண்டுபோய் வைக்கிறார். புறநானூற்றின் 106-ஆம் பாட்டு. பறம்பு மலைத் தலைவன் பாரியின் கொடையைப் புகழ வந்தவர், எருக்கைத் துணைக்கு அழைக்கிறார். நல்ல பூ, தீய பூ என்கிற எந்தக் கணக்கிலும் சேராத எருக்கைக்கூட, ஒருவன் தன்னிடம் இருப்பது இதுதான் என்று கொண்டுவந்து கொடுத்தால், கடவுள் வேண்டாம் என்று சொல்வதில்லை. அதுபோல, அறிவில்லாதவரும் எளியவரும் போய் நின்றாலும் பாரி கொடுப்பான். இவ்வளவுதான் பாட்டு. 1894-ல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது தமிழ் மக்கள் கைக்குத் திரும்பி வந்த செல்வங்களில் இதுவும் ஒன்று.

முல்லைக்குத் தேர் கொடுத்தவன் என்றுதான் பாரியைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். அழகான கொடிக்கு அழகான பரிசு. கபிலரோ தன் நண்பனைப் புரியவைக்க முல்லையைத் தேடவில்லை, எருக்கைத் தேடினார். அவர் அந்தப் பூவின் தரத்தைப் பற்றிப் பேசவே மறுப்பதைக் கவனிக்க வேண்டும். எருக்கில் மறைந்திருக்கும் மகிமையைக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை; பார்க்கிறவர் பார்த்தால் இதுவும் அழகுதான் என்று சமாதானமும் சொல்லவில்லை. கணக்கில் சேராதது என்று ஒப்புக்கொண்டு, அதற்குப் பிறகும் கடவுள் வாங்கிக்கொள்வார் என்கிறார். பூவை உயர்த்தாமலே ஏற்பவரை உயர்த்துகிற இந்த நிலை, எல்லாப் பூவிலும் இறைவன் இருக்கிறான் என்று பொதுப்படச் சொல்வதைவிடக் கடினமானது, உண்மைக்கும் பக்கத்தில் இருப்பது.

இதற்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை. கோயில் வழக்கத்தில் பூவுக்கு எத்தனையோ விதி. கீழே விழுந்தது ஆகாது, முகர்ந்தது ஆகாது, புழு கடித்தது ஆகாது. பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூ சிவபூஜைக்கு விலக்கு. பெரியவருக்குக் கொடுப்பதில் சிறந்ததைக் கொடுக்க வேண்டும் என்பதும் நியாயமான மனசுதான்; விருந்தாளிக்குப் பழைய சோற்றை வைத்துவிட்டு ‘என்னிடம் இருந்தது இதுதான்’ என்று சொன்னால் யார் ஏற்பார்கள்? கபிலர் பாட்டைச் சோம்பேறியும் கஞ்சனும் தனக்குச் சாதகமாகப் பிடித்துக்கொள்ளலாம். அதனால்தான் அவர் வைத்த நிபந்தனை முக்கியமாகிறது: தன்னிடம் இருப்பது. தோட்டத்தில் மல்லிகை பூத்துக் கிடக்கிறவனின் எருக்கைப் பற்றி அந்தப் பாட்டு பேசவில்லை.

செடியின் குணத்தில்தான் புனிதம் இருக்கிறது என்றால், அந்தப் புனிதம் எல்லா ஊரிலும் இருக்க வேண்டுமே. இல்லை. இதன் உடன்பிறப்பான இன்னொரு எருக்கு வகை, வடஇந்தியாவின் வறண்ட பகுதிகளிலிருந்து அரபு நாடுகள் வழியாகச் சாக்கடல் கரை வரை வளர்கிறது. அங்கே அதற்குச் ‘சோதோமின் ஆப்பிள்’ என்று பெயர். கடவுளின் கோபத்தில் எரிந்துபோனதாக விவிலியம் சொல்லும் சோதோம் நகரம் இருந்த இடத்தில் வளர்கிற காய். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசீபஸ், பார்க்கத் தின்னக்கூடியதுபோல் இருக்கும் ஒரு கனி அங்கே உண்டென்றும், கையில் பறித்தால் புகையும் சாம்பலுமாகப் போய்விடுமென்றும் எழுதி வைத்தார். எருக்கங்காயை உடைத்தவர்களுக்குப் புரியும்: உப்பிய பச்சைத் தோல், உள்ளே சதை இல்லை, காற்றும் பஞ்சும் விதையும். அதே காய் ஒரு நாட்டில் சாபத்தின் சாட்சி. இன்னொரு நாட்டில் அதன் பெயர் சூரியனின் பெயர். வடமொழியில் ‘அர்க்கம்’ என்றால் எருக்கும்தான், ஞாயிறும்தான். ரதசப்தமி அன்று ஏழு எருக்கிலையைத் தலையிலும் தோளிலும் வைத்துக் குளிக்கிறவர்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இன்றும் இருக்கிறார்கள். சதபத பிராமணம், உருத்திரனுக்குரிய சதருத்ரீயப் படையலை எருக்கிலையால் கொடுக்கச் சொல்கிறது. ஆக, இலையில் எதுவும் எழுதியிருக்கவில்லை. வாசிப்பவர் வாசிக்கிறார்.

தத்துவக்காரர்களும் இந்தச் செடியை விட்டுவைக்கவில்லை. மீமாம்சைக்கு உரை எழுதிய சபரரும், சாங்கியத்துக்கு உரை எழுதிய வாசஸ்பதி மிசிரரும் ஒரு பழமொழியை எடுத்தாளுகிறார்கள். எருக்கிலேயே தேன் கிடைத்துவிட்டால் ஒருவன் எதற்காக மலைக்குப் போக வேண்டும் என்பது அதன் கருத்து. எருக்கு என்கிற சொல்லின் இடத்தில் ‘வீட்டு மூலை’ என்று பொருள்படும் பாடபேதமும் உண்டு. எப்படிப் படித்தாலும் பொருள், கைக்கெட்டும் தூரம். எளிய வழியிலேயே பலன் வருமென்றால் கடினமான வழி எதற்கு என்று கேட்பதற்கு வழியோரத்து எருக்கு உவமையாகிவிட்டது.

பம்பாய்த் தமிழர்களுக்கு இந்தப் பழமொழி வெறும் தர்க்கம் அல்ல. தாராவித் தோல் கிடங்குகளில் வேலைக்கென்று திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் குலசாமி இன்னும் ஊரில் இருக்கிறது. கோயில் கொடைக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இடம் பிடித்து, ஒன்றரை நாள் உட்கார்ந்து போகிறார்கள். மலைத்தேன் அங்கே. ஆனால் வருஷத்தின் மிச்ச நாளெல்லாம் வாழ்வது இங்கே, ‘சால்’ என்கிற இந்த வரிசைக் குடியிருப்பில், இந்த ரயில் சத்தத்தில். இங்கே ஒரு பிள்ளையாரை வைத்தாக வேண்டும், அவருக்கு ஒரு பூ வேண்டும். மாட்டுங்கா நிலையத்துக்கு வெளியே பூக்கடைகளில் எல்லாம் கிடைக்கும், விலைக்கு. தண்டவாளத்து ஓரத்தில் எருக்கு சும்மா கிடைத்தது. ஊரில் பார்த்த அதே செடி, ஊரில் பார்த்த அதே மொட்டு. விரலால் அழுத்தினால் ‘டப்’பென்று உடையும் அந்த மொட்டுக்காகச் சிறுவயதில் அடித்துக்கொண்டவர்களுக்கு அது முகவரி மாதிரி. மலைக்குப் போகிற வழக்கத்தை எருக்கு நிறுத்திவிடவில்லை. மலையும் வேண்டும், பக்கத்தில் ஒரு துளியும் வேண்டும் என்றுதான் மனிதர்கள் வாழ்கிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்ட உரையாசிரியர்களுக்கு இது பிடிக்குமோ என்னவோ. பழமொழி நடக்காத காரியம்போல் பேசினாலும், எருக்கில் தேன் இருக்கத்தான் செய்கிறது. கருவண்டுக்குத் தெரியும்.

விருத்தாசலத்துப் பக்கம் இராசேந்திரப்பட்டினம் என்று ஓர் ஊர். தேவாரத்தில் அதற்குத் திருஎருக்கத்தம்புலியூர் என்று பெயர். சம்பந்தர் பாடிய தலம், வெள்ளெருக்கு தலமரம். ஊரின் பெயரிலேயே எருக்கு இருக்கும் இந்த இடத்தில்தான், அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவரான திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்தார். பாணர் குலம். அந்தக் குலத்தவர் கோயில் வாசலோடு நின்றுவிட வேண்டும் என்பது அன்றைய நடைமுறை.

சேக்கிழாரின் பெரியபுராணம் சொல்கிற கதை இது. மதுரைக்குப் போன யாழ்ப்பாணர் ஆலவாய்க் கோயில் வாசலில் நின்று யாழை மீட்டினார். அன்றிரவு இறைவன் தொண்டர்கள் கனவில் தோன்றி அவரை உள்ளே அழைத்துவரச் சொன்னார். உள்ளே வந்து அவர் தரையில் உட்கார்ந்து வாசிக்க, ஈரத்தில் யாழின் நரம்பு தளர்ந்துவிடும், பொற்பலகை இடுங்கள் என்று குரல் எழுந்தது. திருவாரூரில் அவருக்கென்று வடக்கே தனி வாசல் உண்டானது. சாத்தமங்கையில் திருநீலநக்கர் வீட்டில் சம்பந்தர் தங்கியபோது, கூட வந்த பாணருக்கும் அவர் மனைவி மதங்கசூளாமணியாருக்கும் படுக்க இடம் கேட்டார். நீலநக்கர் வேள்வி வேதிகையின் பக்கத்தில் இடம் கொடுத்தார், வேள்வித் தீ வலமாகச் சுழன்று மேலெழுந்தது.

பொற்பலகை என்பது பக்திக் கதையின் அலங்காரம் என்று கடந்துவிடலாம். ஆனால் அதில் ஓர் உறுத்தல் இருக்கிறது, சேக்கிழாரே அதை மறைக்கவில்லை. எருக்கம்பூ எந்தத் தடையும் இல்லாமல் கருவறை வரை போய்வந்துகொண்டிருந்தது. எருக்கின் ஊரில் பிறந்த மனிதருக்குக் கடவுளே கனவில் வந்து சிபாரிசு செய்ய வேண்டியிருந்தது. திருவாரூரில் திறந்ததுகூடத் தனி வாசல்தான். எல்லோரும் போகிற வாசல் அல்ல.

அதே மதுரையில் 1939 ஜூலை 8-ஆம் தேதி அ.வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட சமூகத்து நண்பர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். அதற்கு ஒன்பது வருடங்களுக்கு முன் நாசிக் காலாராம் கோயில் வாசலில் அம்பேத்கர் சத்தியாகிரகம் தொடங்கியிருந்தார். அந்த நாட்களில் தாராவியில் குடியேறியிருந்த ஆதி திராவிடத் தமிழர்கள் இரண்டு செய்தியையும் எந்த நெஞ்சோடு கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஊரில் பூப்பறித்துக் கொடுத்தவர்கள் அவர்களில் இருந்திருப்பார்கள். பூ உள்ளே போகும், பறித்த கை வெளியே நிற்கும். கபிலர் பாட்டு உண்மையென்றால் அதன் இரண்டாம் பாதியும் உண்மையாக வேண்டும். கடவுள் எருக்கை மறுக்கவில்லை என்பது உவமை மட்டும். சொல்ல வந்த செய்தி எளியவர் போய் நின்றால் வாசல் மூடாது என்பது. இரண்டாயிரம் வருடமாக நாம் உவமையைக் காப்பாற்றினோம், செய்தியைக் கைவிட்டோம்.

இன்னும் கசப்பான பக்கம் ஒன்றும் உண்டு.

மூன்றாம் தாரம் கட்டுவது ஆபத்து என்று ஒரு நம்பிக்கை தென்னிந்தியாவில் பரவலாக இருந்தது. இரண்டு மனைவியரை இழந்தவன் மூன்றாவதாக ஒரு பெண்ணைக் கட்டுமுன் எருக்கஞ்செடிக்குத் தாலி கட்டுவான். வரப்போகிற கெடுதி செடியோடு போகட்டும், பெண் நான்காவதாக வரட்டும் என்று. எட்கர் தர்ஸ்டன் போன்ற இனவரைவியலாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். யாருக்கும் வேண்டாத கெடுதியைத் தாங்க யாருக்கும் வேண்டாத செடி. அங்கேயாவது செடி ஒரு பெண்ணைக் காப்பாற்றவே நிறுத்தப்பட்டது.

1980-களில் உசிலம்பட்டிப் பகுதியிலிருந்து வெளியுலகுக்கு வந்த செய்தி நேர் எதிரானது. பிறந்த பெண் குழந்தைக்கு எருக்கம்பால் கொடுத்தார்கள். 1986-ல் ‘இந்தியா டுடே’ அதை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்தும் இதே செய்தி வந்தது. 1992-ல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. ஊர் வாயில் ‘கள்ளிப்பால்’ என்று பேர் வாங்கிய அந்தக் கொடுமையில் பல இடங்களில் பயன்பட்டது எருக்கின் பால்தான். வறுமையும் வரதட்சணைப் பயமும் ஆண்பிள்ளை ஆசையும் காரணங்கள். எதுவும் நியாயம் அல்ல.

சதுர்த்தியன்று பிள்ளையார் கழுத்தில் இருந்த அதே செடி. எருக்கு புனிதமான செடி என்று நம்புகிற எவரும் இந்த இடத்தில் நின்று பதில் சொல்லியாக வேண்டும். செடி கெட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. முள் தைத்த காலில் ஒரு சொட்டு வைத்து முள்ளை வெளியே எடுத்ததும் அதே பால், வீங்கின மூட்டுக்கு வாட்டிப் போட்டதும் அதே இலை. அந்தப் பால் செடிக்குக் காவல், அவ்வளவே. புனிதமும் பாவமும் அதன் வேலை அல்ல. ஊர் ஒதுக்கிய ஒரு பூவைக் கையில் ஏந்தி, ‘இது எவருக்கும் வேண்டாதது, நீ ஏற்றுக்கொள்’ என்று கடவுளிடம் கேட்கிற சமூகம், தனக்கு வேண்டாதது என்று ஒரு பெண் குழந்தையை ஒதுக்குமானால், அது தான் செய்த பூஜையின் பொருளைத் தானே கேட்கவில்லை. கடவுள் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொள்வது எப்படி என்று கற்றுக்கொள்ள வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் நாம்.

மகாபாரத ஆதிபருவத்தில் உபமன்யு என்கிற மாணவன் வருகிறான். குரு அவனுக்கிருந்த சாப்பாட்டு வழியையெல்லாம் ஒவ்வொன்றாக அடைக்க, பசி தாங்காமல் காட்டில் எருக்கிலையைத் தின்கிறான், கண் குருடாகிக் கிணற்றில் விழுகிறான். அசுவினி தேவர்கள் பார்வையைத் திருப்பித் தருகிறார்கள். கண் மருத்துவர்களுக்கு இந்தக் கதை வெறும் கதையாகத் தோன்றாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரும்பாலும் வலியே இல்லாமல் கருவிழி நீர் கோத்து வீங்கி, பார்வை மங்கிப்போகும். காலத்தில் மருந்து போட்டால் பலருக்குத் திரும்பி வரும். மருத்துவ இதழ்களில் இப்படிப் பல நோயாளிகளின் விவரம் பதிவாகியிருக்கிறது. பூஜைக்குப் பூப்பறிக்கப் போய்க் கண்ணைக் கசக்கியவர்களும் அவர்களில் உண்டு. தெய்வத்துக்கென்று பறிப்பதால் பால் தன் குணத்தை மாற்றிக்கொள்வதில்லை.

இப்போது எருக்குக்குள்ளும் ஒரு வரிசை உண்டாகிவிட்டது. நீலம் கலந்த ஊதாப்பூ சாதாரணம், வெள்ளைப்பூ உயர்வு. இரண்டும் ஒரே இனம்; நிறம் மட்டும் வேறு. வெள்ளெருக்குக்குச் சிவனோடும் விநாயகரோடும் நெடுநாள் தொடர்பு உண்டென்பது சரிதான், எருக்கத்தம்புலியூரே சாட்சி. ஆனால் வெள்ளெருக்கு வேரில் செதுக்கின பிள்ளையார் வீட்டிலிருந்தால் செல்வம் சேரும், கண்திருஷ்டி அண்டாது என்று விற்கிற வியாபாரம் வேறு வகை. கிளையை வெட்டினால் எருக்கு மறுபடி துளிர்க்கும். ஆணிவேரைத் தோண்டி எடுத்துவிட்டால் செடிக்கு மிச்சம் எதுவுமில்லை. உயர்வு தாழ்வுக் கணக்கில் சேராதது என்று கபிலர் சொன்ன ஒரே பூவையும் கொண்டுவந்து கணக்கில் சேர்த்து, அதிலும் வெள்ளைக்கு முதலிடம் கொடுத்து, விலைச்சீட்டு ஒட்டியாகிவிட்டது. ‘என்னிடம் இருப்பது’ என்று கொடுத்தது, ‘எனக்கு வேண்டியது’ என்று வாங்குவதாக மாறிப்போனது இந்தக் கதையில் வருத்தமான திருப்பம்.

நல்லவேளையாக, தண்டவாளத்து எருக்குகள் பெரும்பாலும் ஊதா. வேரைத் தேடி அங்கே எவரும் வருவதில்லை.

சதுர்த்திக்கு முந்தின நாள் மாலை. மழை கொஞ்சம் விட்டிருக்கும். தாதர் பூச்சந்தையில் பால்கர், கர்ஜத் பக்கத்து ஆதிவாசிப் பெண்கள் விடிகாலை ரயிலில் சுமந்து வந்த இலைக்கட்டுகள் விற்றுத் தீர்ந்துகொண்டிருக்கும். கணபதிக்கு உரிய இருபத்தொரு பத்திரங்களில் எருக்கிலையும் ஒன்று. சுனாபட்டிச் சால் வீடுகளில் பாட்டிகள் சந்தைக்குப் போவதில்லை. பழைய தகர டப்பாவை எடுத்துக்கொண்டு பேத்தியோடு சுவரோரம் போய், எட்டின கொத்தைக் கிள்ளிக்கொண்டு வருகிறார்கள். காம்பை நீக்கி, பால் வடிய விட்டு, தண்ணீரில் அலசி, ஒவ்வொரு பூவாக ஊசியில் கோக்கிறார்கள். கிரீடம் மேலே பார்க்க வேண்டும். கவிழ்ந்தால் அவிழ்த்துத் திரும்பக் கோக்க வேண்டும். பேத்திக்குச் சொல்வது இரண்டே வார்த்தை. கண்ணைத் தொடாதே. கையைக் கழுவு.

அவள் போய்ச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வருகிறாள். மாலையை அவள் கையில் கொடுக்கிறார்கள். கோயில் தெருமுனையில்தான். கூட்டத்தில் நசுங்கிவிடாமல் இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் முன்னால் போகிறாள்.